பழைய குரூசரும் விற்பவர் சொல்லும்

குரூசர் எனப்படும் மோட்டார் சைக்கிள் வகை அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்காக உருவானது. தாழ்ந்த இருக்கை, முன்னால் தள்ளி அமைந்த கால்மிதி, அகன்ற கைப்பிடி, ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும் இரண்டு பெரிய சிலிண்டர்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். மில்வாக்கி நகரில் 1903இல் தொடங்கிய ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் இவ்வகைக்கு முன்மாதிரி வகுத்தது. 1980களில் யமஹா விராகோ, ஹோண்டா ஷேடோ, கவாசாகி வல்கன் என்று ஜப்பானிய நிறுவனங்களும் அதே உருவத்தில் வண்டிகளைச் செய்தன. இந்த வண்டிகளை நிதானமாகத்தான் ஓட்டுவார்கள். உதிரிபாகம் கிடைக்கும்வரை இவற்றைக் கழித்துக்கட்டவும் மாட்டார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் ஒரு வண்டி பல கை மாறுகிறது, மாறிய கை ஒவ்வொன்றும் அதில் எதையாவது மாற்றுகிறது.

ஆகவே பழைய குரூசர் ஒன்றை வாங்க வருபவர்முன் இரண்டு தொன்மையான கேள்விகள் நிற்கின்றன. விளம்பரத்தில் 1965ஆம் ஆண்டு வண்டி என்று போட்டிருப்பது உண்மையிலேயே அந்த வண்டிதானா? அதைப் பற்றித் தமக்குத் தெரிந்ததில் எவ்வளவை விற்பவர் சொல்லியாக வேண்டும்? தத்துவ நூல்கள் முன்னதைப் பொருளின் இயல்பைப் பற்றிய ஆராய்ச்சியிலும் பின்னதை அறவியலிலும் வைத்துத் தனித்தனியாகப் பேசுகின்றன. பழைய வண்டிச் சந்தையில் இவற்றைப் பிரிக்க முடிவதில்லை. முதல் கேள்வியை எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தாலும் அது இறுதியில் இரண்டாவதன் தோளில்தான் போய்ச் சாய்கிறது.

எண்களிலிருந்து தொடங்கலாம். ஹார்லி-டேவிட்சன் வண்டிகளில் 1969 வரை பதிவு எண்ணாகப் பயன்பட்டது எஞ்சின் எண். இடப்புறக் கிராங்க்கேஸின்மேல் அது பொறிக்கப்பட்டிருக்கும். ஃபிரேமில் அப்படிப்பட்ட எண் கிடையாது. 1970 முதல் ஃபிரேமின் கழுத்துப் பகுதியிலும் எஞ்சினிலும் எண் பொறிக்கும் முறை வந்தது. பதினேழு எழுத்து-எண் கொண்ட பொதுமுறை 1981இல் அமெரிக்காவில் நிலைபெற்றது. இதன் விளைவு விசித்திரமானது. 1965ஆம் ஆண்டு வண்டியில் ஃபிரேம், டேங்க், சக்கரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாலும் கிராங்க்கேஸ் பழையதாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது 1965 வண்டியே. மற்றவை எல்லாம் பழையனவாக இருந்து கிராங்க்கேஸ் மட்டும் மாறிவிட்டால் பத்திரத்துக்கு உரிய வண்டியே இல்லாமல் போகிறது. 1970க்குப் பிந்திய வண்டிக்கோ ஃபிரேம் எண்ணே அடையாளத்தின் முதல் ஆதாரம். உயிர் எஞ்சினில் இருக்கிறதா உடற்கூட்டில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஓர் அலுவலகமும் ஒரு தொழிற்சாலையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஆண்டில் விடையை மாற்றி எழுதிவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

இப்படி எழுதவும் மாற்றவும் கூடியதாக அடையாளம் இருக்கிறது என்பதைப் பௌத்தர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே சொன்னார்கள். பாலி மொழியிலுள்ள மிலிந்தபன்ஹா என்ற நூலில் நாகசேனர் என்ற துறவி, கிரேக்க அரசன் மிலிந்தனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றிக் கேட்கிறார். ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அரசன் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான். உறுப்புகள் எல்லாம் சேர்ந்ததா, அவற்றுக்கு வெளியே உள்ள ஒன்றா என்றாலும் இல்லை. அப்படியானால் தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் என்ற முடிவுக்கு அரசன் வருகிறான். மோட்டார் சைக்கிளுக்கு இந்த வாதம் தேரைவிடப் பொருந்துகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் வயோலா என்ற ஊரிலுள்ள எஸ் அண்ட் எஸ் சைக்கிள் நிறுவனம் பழைய ஹார்லி எஞ்சின்களின் அமைப்பிலேயே முழு எஞ்சின்களைச் செய்து விற்கிறது. ஃபிரேம், டேங்க், ஃபோர்க் செய்யும் நிறுவனங்கள் வேறு இருக்கின்றன. ஹார்லி தொழிற்சாலையின் இரும்பு ஒரு துண்டுகூட இல்லாமல், பார்ப்பவர் எல்லோரும் ஹார்லி என்றே அழைக்கும் வண்டியை இன்று கட்டிவிடலாம். நாகசேனர் இதைக் கண்டு வியந்திருக்கமாட்டார்.

நியாயம் என்ற தர்க்க மரபினரான நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் கொள்கையில் முழுமை என்பது உறுப்புகளின் குவியலுக்கு இட்ட பெயர் அன்று. உறுப்புகளில் உறையும் தனிப்பொருள் அது. இழைகளில் துணி உறைவதுபோல என்பது அவர்கள் காட்டும் உதாரணம். வண்டி என்பது மெய்யாகவே இருக்கிறது என்று நம்ப விரும்பும் வாங்குபவருக்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆறுதலுக்கு அவர்கள் கேட்கும் விலை பெரிது. துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி ஒன்று தோன்றுகிறது என்பதும் அதே கொள்கையின் பகுதி. அப்படிப் பார்த்தால் கிளட்ச் கேபிளை மாற்றிய அன்றே பழைய வண்டி போய்விட்டது. ஐம்பது ஆண்டு ஓடிய வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த நூற்றுக்கணக்கான வண்டிகளின் வரிசையாகிவிடும். அதை ஒரே வண்டி என்று நாம் இனங்காண்பது ஒற்றுமை கண்டு சொல்வதே ஆகும்.

சமணர்களின் விடை வேறு பக்கத்திலிருந்து வருகிறது, வண்டி வாங்குபவர் மனத்தை அது கூர்மையாகப் படம்பிடிக்கிறது. பொருள் என்பது தோன்றுதல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒருங்கே உடையது என்பது அவர்கள் கொள்கை. சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். பொற்குடம் ஒன்றை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவனுக்கு இரண்டும் இல்லை. மூவர் உணர்ச்சியும் பொய்யல்ல என்பதால் அழிவும் தோற்றமும் நிலைப்பும் மூன்றுமே மெய் என்கிறார். 1950களின் ஹார்லி ஒன்றின் ஃபிரேமை அறுத்து, முன்ஃபோர்க்கை நீட்டி, சாப்பர் ஆக்கினால் இதுவே நடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டியைக் காக்க நினைப்பவர் ஒரு சாவைக் காண்கிறார். சாப்பர் விரும்பி பிறப்பைக் காண்கிறார். ஓட்டிப்போக ஒரு வண்டி கிடைத்தால் போதும் என்பவர் எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று மட்டும் கேட்கிறார். ஒரே வண்டிக்கு இந்த மூவரும் மூன்று விலை சொல்வதற்கு, அவர்கள் வாங்கவந்த பொருளே வெவ்வேறாக இருப்பதுதான் காரணம்.

ஐரோப்பிய மரபில் இக்கேள்வியின் புகழ்பெற்ற வடிவம் தீசியஸின் கப்பல். அழுகிய பலகைகளை மாற்றி மாற்றி ஏதென்ஸ் மக்கள் அதைக் காத்தார்கள் என்றும், தத்துவவாதிகள் அது அதே கப்பலா என்று வாதிட்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதினார். தாமஸ் ஹாப்ஸ் 1655இல் இதற்கு ஒரு முடிச்சைக் கூட்டினார். கழற்றி எறிந்த பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் மறுபடி கப்பலாகக் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்? இது வெறும் கற்பனை என்று நினைக்கத் தோன்றும். மோட்டார் சைக்கிள் உலகில் இதற்கு மிக நெருக்கமான ஒன்று நடந்தேவிட்டது.

1969இல் வெளியான ஈஸி ரைடர் திரைப்படத்தில் பீட்டர் ஃபாண்டா ஓட்டிய, அமெரிக்கக் கொடி வரைந்த டேங்க் கொண்ட வண்டிக்குக் கேப்டன் அமெரிக்கா என்று பெயர். போலீஸ் துறை பயன்படுத்திக் கழித்து ஏலம் விட்ட பழைய ஹார்லி பேன்ஹெட் வண்டிகளை வாங்கித்தான் படத்துக்கான சாப்பர்களைக் கட்டினார்கள். ஆக அந்தக் கதையே பழைய வண்டி வாங்குவதில்தான் தொடங்குகிறது. கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பினத்தவர் அந்த வேலையில் முதன்மையானவர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை, வெகுகாலம் வெளியுலகும் அறியவில்லை. கேப்டன் அமெரிக்கா இரண்டும், உடன் நடித்த டென்னிஸ் ஹாப்பர் ஓட்டிய வண்டி இரண்டுமாக நான்கு வண்டிகள். மூன்று திருடு போயின. பிரித்து உதிரிகளாக விற்கப்பட்டிருக்கும் என்பது பொதுவான எண்ணம். எஞ்சிய கேப்டன் அமெரிக்கா படத்தின் இறுதிக் காட்சியில் நொறுங்கியது. அதை மறுபடி கட்டியதாகச் சொன்னவர், படத்தில் வேலைசெய்த நடிகர் டான் ஹாகர்ட்டி. 2014இல் கலிபோர்னியாவில் அந்த வண்டி ஏலத்துக்கு வந்தபோது 13.5 லட்சம் டாலர்வரை கேட்கப்பட்டது. உடனே டெக்ஸாஸில் வேறொருவரிடம் இன்னொரு கேப்டன் அமெரிக்கா இருப்பதும், இரண்டுக்குமே ஹாகர்ட்டி வெவ்வேறு காலத்தில் சான்று எழுதிக் கொடுத்திருப்பதும் செய்தியாயின.

இந்த வழக்கில் உலோகத்தை ஆராய்ந்து என்ன கிடைத்துவிடும்? நொறுங்கிய வண்டியில் எஞ்சியது கொஞ்சம். மறுபடி கட்டும்போது சேர்ந்தவை பல. எவை எந்த வண்டியிலிருந்து வந்தன என்பதைக் கட்டியவர் சொன்னால்தான் தெரியும். ஹாப்ஸ் தம் புதிரில் எல்லாப் பலகைகளின் வரலாறும் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டார். தெரிந்த பின்னும் எது அதே கப்பல் என்று முடிவு செய்ய முடியவில்லை என்பது அவருடைய சிக்கல். வண்டி வாங்குபவருக்கு அந்தச் சொகுசு இல்லை. பலகை எங்கிருந்து வந்தது என்பதே அவருக்குத் தெரியாது. வரலாறு முழுதும் உண்மையாகச் சொல்லப்பட்டுவிட்டால், அதை அதே வண்டி என்று அழைப்பதா வேண்டாமா என்பது அவருக்குப் பெரிய பொருட்டே அல்ல. டேங்க் மாற்றியது, எஞ்சின் வேறு, ஃபிரேம் பழையது என்று தெரிந்தால் அதற்கேற்ற விலையைப் பேசி முடித்துவிடுவார். அடையாளம் பற்றிய கேள்வி அவரை உறுத்துவது, சொல்லப்பட்ட வரலாறு மெய்யா என்ற ஐயம் இருக்கும்வரைதான்.

ஒருவர் சொல்லை எப்போது நம்பலாம் என்ற கேள்வியை நியாய மரபு மற்ற எந்த மரபையும்விட விரிவாக ஆராய்ந்தது. நம்பத்தகுந்தவர் சொல் தனிப்பட்ட அறிவுவாயில் என்பது நியாய சூத்திரம். நம்பத்தகுந்தவர் யார் என்பதற்கு உரைகாரர் வாத்ஸ்யாயனர் சாதியையோ கல்வியையோ அளவாகக் கொள்ளவில்லை. பொருளை நேரில் அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடி தெரிவிக்கும் விருப்பம் உடையவர் எவரோ அவர். முனிவர், ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் இந்த இலக்கணம் பொது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். கையில் கிரீஸ் படிந்த விஸ்கான்சின் தாடிக்காரர் ஒருவரும் இதில் அடக்கம்.

இந்த இலக்கணத்தில் இரண்டு உறுப்புகள் இருப்பதைச் சந்தையில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆள் நல்லவராகத் தெரிகிறார் என்று நம்பி வாங்குவோர் உண்டு. நல்லவர் என்பது இரண்டாவது உறுப்பை மட்டுமே நிறைவுசெய்கிறது. வண்டியின் நான்காவது உரிமையாளருக்கு முதல் உரிமையாளர் காலத்தில் நடந்தது தெரியாது. எஞ்சின் திறக்கப்படவே இல்லை என்று அவர் மனமாரச் சொல்லலாம், தம் கையில் இருந்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே அவர் சாட்சி. அதற்கு முந்தியதைப் பற்றி அவர் சொல்வது, தமக்கு விற்றவர் சொன்னதன் எதிரொலி. எனவே எனக்குத் தெரியாது என்று சில இடங்களில் சொல்லத் துணியும் விற்பவரே மற்ற இடங்களிலும் நம்பத்தக்கவர். ஒர்க்‌ஷாப் ரசீதுகளைக் கட்டாகச் சேர்த்துவைத்திருக்கும் வண்டிக்குக் கூடுதல் விலை கிடைப்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ரசீதும் நேரில் அறிந்த ஒருவர், விற்கும் எண்ணம் எதுவும் இல்லாத நேரத்தில் எழுதிவைத்த சாட்சியம்.

சாட்சியம் தளரும் இடத்தில் அனுமானம் உதவிக்கு வருகிறது. கைப்பிடி முழுதும் திரும்பும்போது தடுக்கும் கட்டை நசுங்கியிருந்தால் வண்டி ஒருமுறை பலமாக மோதியிருக்கிறது. மைல்மானி குறைந்த தூரத்தைக் காட்டக் கால்மிதி ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. 1970க்கு முந்திய பெரிய ஹார்லி எஞ்சின்களில் கிராங்க்கேஸின் இரு பாதிகளின் அடிவயிற்றிலும் ஓர் எண் பொறித்திருப்பார்கள். இரு பாதிகளும் ஜோடியாகக் கடைந்தெடுக்கப்பட்டவை என்பதற்கு அது அடையாளம். எண்கள் பொருந்தாவிட்டால் ஒரு பாதி வேறெங்கிருந்தோ வந்தது. இந்த அடையாளங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இரும்பில் எண் பொறிக்கத் தெரிந்த கை அதை மறுபடியும் பொறிக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், ஸ்டோயிக் தத்துவவாதிகளான பாபிலோன் டயோஜெனஸுக்கும் அவர் மாணவர் ஆன்டிபேட்டருக்கும் இடையிலான ஒரு விவாதம் இருக்கிறது. நல்ல வீடு என்று ஊரார் நினைக்கும் வீட்டில் மரம் உளுத்திருக்கிறது, படுக்கையறைகளில் விஷப்பூச்சிகள் வருகின்றன. உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், பொய் சொல்லக் கூடாது, மற்றபடி வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது டயோஜெனஸ் பக்கம். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு. குடியிருக்கத் தகாத வீடு விற்பனைக்கு என்று ஏலக்காரனைக் கூவச்சொல்லும் உரிமையாளனைவிட முட்டாள் உண்டா என்பது அவர் தரப்பின் வாதம். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் போவதை ஏதென்ஸில் சாபத்துக்குரிய குற்றமாக வைத்திருந்தார்கள், தெரிந்தே ஒருவனைக் குழியில் விழவிடுவது அதைவிடக் கொடியது என்பது ஆன்டிபேட்டர் பக்கம். சிசரோ ஆன்டிபேட்டரோடு சேர்கிறார்.

அதே நூலில் பித்தியஸ் என்ற சிரக்யூஸ் நகரத்து வட்டிக்கடைக்காரனின் கதையும் வருகிறது. கடலோரத் தோட்டமொன்றை ரோமானியன் ஒருவனுக்கு விற்க விரும்பியவன், அவன் விருந்துக்கு வரும் நாளில் மீனவர்களை எல்லாம் தோட்டத்தின்முன் வந்து மீன்பிடிக்கச் சொல்லிவிடுகிறான். படகுகளையும் குவிந்த மீனையும் கண்டு மயங்கியவன் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குகிறான். மறுநாள் ஒரு படகும் இல்லை. பழைய வண்டிச் சந்தையில் இதற்கு நிகரான செயல் அன்றாடம் நடக்கிறது. குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்பாது என்று தெரிந்த விற்பவர், வாங்குபவர் வருவதற்கு அரைமணி முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுகிறார். பட்டனைத் தொட்டதும் வண்டி உறுமுகிறது. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. டயோஜெனஸின் கோட்டை அவர் தாண்டவில்லை என்று தோன்றலாம், உண்மையில் தாண்டிவிட்டார். சூடான எஞ்சினே அவர் சொன்ன பொய். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கும் பழைய ஆட்களின் வழக்கம் இதற்காகத்தான்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற ஆன்டிபேட்டர் விதியை அப்படியே கைக்கொள்வது கடினம். பழைய வண்டியில் குறை அல்லாத பகுதி எது? இந்த இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் செய்த பாகுபாடு பயன்படுகிறது. மறைந்திருக்கும் குறையை, குறிப்பாக வாங்குபவருக்கு ஆபத்தோ நட்டமோ தரும் குறையை, விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்லத் தேவையில்லை. ஒற்றைக்கண் குதிரையை ஒற்றைக்கண் என்று அறிவிக்க வேண்டாம், ஆனால் விலையில் அதற்கு உரியதைக் கழித்துக்கொள்ள வேண்டும். குரூசர்களில் இரண்டு வகைக்கும் நல்ல உதாரணம் உண்டு. 1980களின் தொடக்கத்து யமஹா விராகோவில் ஸ்டார்ட்டர் பல்சக்கரம் சரியாகக் கவ்வாமல் அரைக்கும் சத்தம் கேட்கும். பட்டனை அமுக்கியவர் எவர் காதிலும் அது விழும். அதுவே ஒற்றைக்கண் குதிரை. 1999இல் வந்த ஹார்லி ட்வின் கேம் எஞ்சினின் முதல் சில ஆண்டு வண்டிகளில், கேம் சங்கிலியை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை தேய்ந்து உதிரும். உதிர்ந்த துகள் எண்ணெய்ப் பம்புக்குள் போனால் எஞ்சினே வீணாகும். வெளியிலிருந்து பார்த்தாலும் கேட்டாலும் இது தெரியாது, கேம் மூடியைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றிப் பார்த்து, தேய்மானத்தைக் கண்டு, மறுபடி மூடி, வண்டியை விற்பனைக்குப் போட்டவரின் மௌனத்தை அக்வினாஸ் மன்னிக்கமாட்டார். கழற்றியே பார்க்காதவர் நிலை வேறு. ஆயினும் தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டிவருமே என்று அஞ்சி வேண்டுமென்றே கழற்றாமல் விட்டவர் முந்தியவரைவிட ஒரு படிகூடத் தூய்மையானவர் அல்லர்.

சமயச் சட்டங்கள் இதில் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை சார்ந்தவை. யூதர்களின் மிஷ்னா, விற்கும் மனிதனையோ விலங்கையோ பாத்திரத்தையோ அழகுபடுத்தி ஏமாற்றக் கூடாது என்கிறது. அதை விரிக்கும் தால்முத் புதிய பாத்திரத்துக்கு வண்ணம் பூசலாம், பழையதற்குப் பூசக் கூடாது என்று பிரிக்கிறது. புதியதன்மேல் பூச்சு அழகு மட்டுமே, பழையதன்மேல் அது வயதைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. இன்றைய சந்தையில் இந்த விதி தலைகீழாகவும் தேவைப்படுகிறது. புதுப்பிக்காமல் பழைய பூச்சோடேயே தப்பிவந்த வண்டிகளுக்கு மவுசு ஏறியபின், புதுப் பூச்சைத் தேய்த்தும் துருவேற்றியும் பழையதாகக் காட்டும் தொழில் தோன்றியிருக்கிறது. இஸ்லாமிய மரபில், சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சி பெயர்பெற்றது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொல்ல, எல்லோருக்கும் தெரியும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்கிறார். நனைந்தது அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. அடியில் வைத்ததுதான் குற்றம். குறையுள்ள பொருளைத் திருப்பித்தரும் வாங்குபவரின் உரிமையைப் பின்வந்த சட்ட அறிஞர்கள் தனிப் பிரிவாகவே வகுத்தார்கள்.

திருக்குறளில் வணிகருக்குரிய அறம் வாய்மை அதிகாரத்தில் இடம்பெறவில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக நிற்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது அதன் கருத்து. இந்த இடவைப்பு டயோஜெனஸுக்கு நல்ல பதில். பொய் சொல்லவில்லை என்பது வாய்மை அதிகாரத்துக்குப் போதலாம். வண்டியை நாமே வாங்குவதாக இருந்தால் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவோம் என்பது வேறு அளவுகோல், அது வாயைத் திறக்காதவரையும் அளக்கும்.

ஆங்கில-அமெரிக்கச் சட்டமோ நெடுங்காலம் டயோஜெனஸின் பக்கமே நின்றது. 1603இல் முடிந்த ஒரு வழக்கில், மருந்துக் குணமுள்ள பெசோவார் கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லர் நூறு பவுனுக்கு விற்ற கல் அப்படிப்பட்டதல்ல என்று தெரிந்தது. உத்தரவாதம் கொடுத்தால்தான் பொறுப்பு, வெறுமனே சொன்னது போதாது என்று தீர்ப்பாயிற்று. வாங்குபவரே விழிப்பாக இருக்கட்டும் என்ற இந்த மனப்பாங்கின் சாயல் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் வணிகர் அல்லாத தனிநபர் விற்கும் வண்டிக்கு, பொருள் தரமானது என்ற உள்ளார்ந்த உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது. உள்ளது உள்ளபடி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மைல்மானி விஷயத்தில் கூட்டாட்சிச் சட்டம் விற்பவரிடம் எழுத்து வாக்குமூலம் கேட்கிறது, ஆனால் வயதான வண்டிகளுக்கு விலக்கு உண்டு. 2010 வரையிலான மாடல்களுக்குப் பத்தாண்டு, 2011 முதலான மாடல்களுக்கு இருபதாண்டு கடந்தால் அந்த வாக்குமூலம் கட்டாயமில்லை. கணக்கு மிகவும் தேவைப்படும் வயதில் சட்டம் கணக்குக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. அர்த்தசாஸ்திரம் இதைவிடக் கனிவானது. விற்றதையோ வாங்கியதையோ மறுத்துக்கொள்ள அது வணிகருக்கு ஓர் இரவும், உழவருக்கு மூன்று இரவும், ஆயருக்கு ஐந்து இரவும் தவணை தருகிறது. மாட்டின் குணம் ஒரே நாளில் தெரியாது என்பதை அறிந்தவர் எழுதிய விதி அது. பழைய வண்டிக்கும் ஐந்து இரவு நியாயமானது.

மௌனத்தால் நட்டப்படுவது வாங்குபவர் மட்டும் அல்ல. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை பழைய கார்ச் சந்தையை வைத்து இதைக் காட்டியது. 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் இரண்டுக்கும் நடுவான விலையே தருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விற்காமலேயே இருந்துவிடுவார். சந்தையில் கெட்டவை மிகும், விலை இன்னும் சரியும். மறைப்பவர் தம்மிடம் வாங்குபவருக்கு மட்டும் அன்றி, பக்கத்துத் தெருவில் நேர்மையாக வண்டி வைத்திருப்பவருக்கும் கேடு செய்கிறார். ஆன்டிபேட்டர் அறத்தால் கேட்டதைப் பொருளியல் வேறு வாயிலில் வந்து கேட்கிறது.

எஞ்சியிருப்பது வாங்குபவரின் மௌனம். இதைப் பற்றிப் பேச்சு குறைவு, காரணம் ஏமாறுபவர் எப்போதும் வாங்குபவரே என்ற பொது நினைப்பு. கணவர் இறந்தபின் கொட்டகையை ஒழிக்கும் ஒரு மூதாட்டியிடம் தார்ப்பாயின் கீழ் 1936 முதல் 1947 வரை செய்யப்பட்ட நக்கிள்ஹெட் எஞ்சின் கொண்ட ஹார்லி ஒன்று கிடக்கலாம். அவருக்கு அது பழைய இரும்பு. பார்க்க வந்தவருக்கு அதன் மதிப்பு தெரியும். ஜெருசலேம் தால்முத்தில், ஷிமோன் பென் ஷெட்டாக் என்ற அறிஞரின் மாணவர்கள் அவருக்காக ஓர் அரபியரிடம் கழுதை வாங்க, அதன் கழுத்தில் விலையுயர்ந்த ரத்தினம் ஒன்று தொங்கியிருந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். கையெழுத்து நூலொன்றின் மதிப்பறியாமல் விற்க வந்தவனுக்கு, அவன் கேட்காதபோதும் நியாய விலையைக் கொடுத்த மனிதரைப் பற்றிக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் எழுதியிருக்கிறார். இவை உயர்ந்த செயல்கள். எல்லோர்மீதும் கடமையாக இவற்றைச் சுமத்தலாமா என்பது வேறு. பல்லாண்டு படித்தும் அலைந்தும் பெற்ற அறிவுக்கு ஒரு பயன் வேண்டாமா என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு. அக்வினாஸே, பஞ்சமுள்ள ஊருக்குத் தானியம் கொண்டுவந்த வணிகர் பின்னால் இன்னும் பலர் வருகிறார்கள் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர், சொன்னால் அது மேலான பண்பு என்று நிறுத்திக்கொள்கிறார்.

1815இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒரு வணிகம் இந்த எல்லையைச் சோதித்தது. பிரிட்டனோடு போர் முடிந்த செய்தியை முன்னதாக அறிந்த ஆர்கன் என்ற வணிகர், விலை ஏறும் என்று தெரிந்து புகையிலையை மொத்தமாக வாங்கினார். விலையை உயர்த்தக்கூடிய செய்தி ஏதும் உண்டா என்று விற்பவர் தரப்பில் கேட்டபோது அவர் எதுவும் சொல்லவில்லை. 1817இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர் என்றார். ஆனால் எதிர்த்தரப்பை ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும், இங்கே அப்படி நடந்ததா என்பது மறுபடி விசாரிக்கத்தக்கது என்றும் வழக்கைத் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு கேள்வியே நிலைமையை மாற்றுகிறது. மூதாட்டி தாமே ஒரு தொகையைச் சொல்லி வண்டியைக் கொடுத்தால் பார்க்க வந்தவரின் மௌனத்துக்கு வாதாடலாம். இது என்ன விலை போகும் தம்பி என்று அவர் கேட்டுவிட்டால், அதன்பின் வாங்க வந்தவர் தோளைக் குலுக்குவதுகூட ஒரு கூற்று. சூடாக்கிவைத்த எஞ்சினோடு நின்ற விற்பவரை எந்த அளவுகோலால் அளந்தோமோ அதனாலேயே அவரையும் அளக்க வேண்டியிருக்கும்.